டி டிரைவ் இல்லை என்று நான் நிறுவிய நாள்

கம்பத்தில் திராட்சை விவசாயிகள் சங்கம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இரண்டு தகுதிகள் இருந்தன. மதுரையில் சில மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் பேசிய மேடைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கோப்பையோடு இறங்கியிருந்தேன். சங்கம் என்னை முதல் தகுதிக்காக எடுத்துக்கொண்டது. நான் என்னை மதித்துக்கொண்டதோ இரண்டாவது தகுதிக்காக. எதிரணியினரின் வாயிலிருந்தே ஒவ்வொரு சம்மதமாக வாங்கி, கடைசியில் அவர்கள் திரும்பிப் போக வழியில்லாமல் கதவைச் சாத்துவது எனக்குக் கைவந்த முறை. அதை நான் ஒரு பெண்ணிடம், அவருடைய சொந்த மேசையருகே, யாரும் மதிப்பெண் போடாத இடத்தில் பயன்படுத்தினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று மதுரையில் வாங்கியது. அதன் திரையில் எழுத்துகள் பச்சையாக ஒளிரும். இன்னொன்று போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி, தமக்குப் புதியது வந்தபின் சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தந்தது. அதில் எழுத்துகள் மஞ்சள். மூன்றாவதை மதுரையில் ஒருவர் உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே பூட்டிக் கொடுத்திருந்தார். வண்ணத் திரையும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் கொண்டது அதுதான். ஒரு கம்ப்யூட்டரை எழுப்பி, திரையையும் டிஸ்க்கையும் தட்டச்சுப் பலகையையும் ஒருங்கிணைத்து நடத்துகிற டாஸ் என்ற அடிப்படை மென்பொருள் இந்த மூன்றிலும் வெவ்வேறு. பச்சைத் திரையில் எழுதியதை மஞ்சள் திரை திறக்க மறுக்கும். மஞ்சளில் ஓடுவது வண்ணத்தில் பாதியில் நின்றுவிடும்.

சங்கத்தின் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாப் பந்தலும் ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை. ஒருவர் தை மாதம் கவாத்து வெட்டினால் பக்கத்துத் தோட்டக்காரர் மாசியில் வெட்டுவார். கொடியை வெட்டிய தேதிதான் பழம் பழுக்கும் காலத்தை நிர்ணயிக்கும். எந்தத் தோட்டத்தில் எப்போது வெட்டினார்கள் என்பது கையில் இருந்தால்தான், எந்த வாரம் எத்தனை லாரியைக் குமுளி வழியாகக் கேரளத்துக்கு அனுப்புவது என்று சங்கம் திட்டமிட முடியும். தேதி தவறினால் பழம் கொடியிலேயே வெடிக்கும். அதற்குள் மேற்கிலிருந்து மழை இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

இந்தக் கவாத்துத் தேதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகத் தற்காலிகமாக ஓர் அக்காவை நியமித்திருந்தார்கள். தேவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிடச் சில வயது மூத்தவர். தட்டச்சில் உயர்நிலைத் தேர்ச்சி பெற்றவர். வாயிலும் அதே வேகம். கணவருக்கு மலைமேல் எஸ்டேட்டில் வேலை. அது சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. எல்லாத் தோட்டங்களையும் ஏற்றி முடித்துவிட்டால் அக்காவின் வேலையை மகாசபையில் நிரந்தரமாக்கிவிடுவதாக நிர்வாகக் குழு வாக்குக் கொடுத்திருந்தது. நான் சேர்ந்தபோது அநேகமாக முடித்திருந்தார். மகாசபை நெருங்கிக்கொண்டிருந்தது.

தோட்டங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதைக் கொண்டாடச் சிறிய விழா எடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த என்னைப் பேசச் சொன்னார்கள். காகிதத்தின் ஆட்சி இன்றோடு முடிந்தது என்று பேசினேன். கறையான் தின்னும் சீட்டும், மழையில் நனையும் கட்டும் இனி நமக்கு வேண்டாம் என்றேன். பேச்சு எடுபட்டது. செயலாளருக்கு அது எவ்வளவு எடுபட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விவசாயிகள் எழுதிக் கொடுத்திருந்த கவாத்துச் சீட்டுகளை, கம்ப்யூட்டரில் ஏறியது ஏறியதாகச் சாக்கில் கட்டி, பழப்பெட்டிக்கு அடியில் பரப்புவதற்குச் சிப்பம் கட்டும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். எங்கள் தோட்டங்களின் தேதிகள் பன்னீர் திராட்சைக்கு மெத்தையாகிக் கேரளத்துக்குப் போய்விட்டன.

மூன்று கம்ப்யூட்டரிலும் டாஸை நீக்கிவிட்டு, ஒரே பதிப்பை ஒரே ஃபிளாப்பியிலிருந்து ஏற்றிவிடலாம் என்ற யோசனை என்னுடையது. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிவது எதற்கு என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் அந்த வாக்கியத்தையே வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அடுப்பு ஒன்றாகலாம், பாத்திரங்கள் மூன்றும் வேறு வேறு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பச்சைத் திரை எந்தத் தகராறும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மஞ்சள் திரையோ, என் ஃபிளாப்பியின் அமைப்புகளை ஏற்றிவிட்டு மறுபடி கிளப்பியபோது முழுக்க இருண்டது. உள்ளே கம்ப்யூட்டர் ஓடுகிற ஓசை கேட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. திரைக்கான அட்டை வேறு வகை என்பதையும், பச்சைத் திரைக்கு எழுதிய அமைப்பு அதற்குப் பொருந்தாது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய மதியம் ஆகிவிட்டது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் உள்ளும் வேறு என்று அந்த இருட்டு எனக்குச் சொல்லிவிட்டது. நான் அதைச் சமாளித்துவிட்ட பெருமையில் இருந்தேன்.

மூன்றாவதாக அக்காவின் வண்ணத் திரைக் கம்ப்யூட்டர். என் ஃபிளாப்பியை வைத்து அதை எழுப்பினேன். ஹார்ட் டிஸ்க்கில் சி டிரைவ் தெரிந்தது. அதில் தோட்டம் என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. சி டிரைவ் முழுவதையும் ஃபிளாப்பிகளில் நகலெடுத்துக்கொண்டேன். கோப்பைத் திறந்து பார்க்கவில்லை.

“அக்கா, உங்க வேலையை எல்லாம் பத்திரமா எடுத்துட்டேன். டிஸ்க்கைத் துடைச்சிடலாமா?”

“எங்கன இருந்து எடுத்தீக?”

“சி டிரைவிலேருந்து.”

அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தார். “நான் காலையில வந்ததும் டி-ன்னு தட்டி ரெண்டு புள்ளி வைப்பேனே தம்பி. அதுக்கப்புறந்தான் என் தோட்டமெல்லாம் வரும். பூட்டிக் குடுத்தவுக அப்படித்தான் சொல்லிட்டுப் போனாக.”

எனக்குள் மேடை விரிந்துவிட்டது.

“சரி. இந்த மெஷினுக்குள்ள ஹார்ட் டிஸ்க் எத்தனை அக்கா?”

“ஒண்ணுதான்.”

“பச்சைத் திரைக்கு?”

“அதுலயும் ஒண்ணு.”

“அதில் டி டிரைவ் உண்டா?”

“இல்ல.”

“போடியிலேருந்து வந்ததில்?”

“அதுலயும் இல்ல.”

“ஒரு டிஸ்க் இருக்கிற இரண்டில் டி இல்லை. அதே ஒரு டிஸ்க் இருக்கிற மூன்றாவதில் மட்டும் எப்படி வரும்?”

“எனக்கு என்ன தெரியும்? தட்டுவேன், வரும்.”

“சாட்சியையே கேட்டுடலாம்,” என்றேன். அவர் சொன்னபடியே தட்டினேன். அப்படி ஒரு டிரைவ் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது.

“என்ன சொல்லுது?”

“டி-ன்னு ஒண்ணு கிடையாதுன்னு மெஷினே சொல்லுது.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். “மெஷினே சொல்லிருச்சா? அப்ப எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு. ஏந்தம்பி, தோத்தவளுக்கும் கோப்பை உண்டா?”

“ஆறுதல் பரிசு உண்டு,” என்றேன். டிஸ்க்கை அடியோடு துடைத்தேன், புதிதாகப் பிரித்தேன், டாஸை ஏற்றினேன், நகலெடுத்த தோட்டம் கோப்பைத் திருப்பி வைத்தேன். எல்லாம் அவர் கண் முன்னாலேயே நடந்தது.

மறுநாள் காலை அக்கா தோட்டம் என்ற கோப்பைத் திறந்தார். அதில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகிப் பார்ப்பதற்காகத் தட்டிய நான்கைந்து வரிகள் இருந்தன. ஒரு வரியில் அவருடைய மகனின் பெயர். இன்னொன்றில் வெறும் எழுத்துகள். கீழே போனார், மேலே வந்தார், மூடித் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் என் ஃபிளாப்பிகளை எடுத்தேன். நகலெடுத்த பழைய அமைப்புக் கோப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தப் பெரிய டிஸ்க்கை அந்தக் கால டாஸால் முழுதாகக் கையாள முடியாது. அதனால் பூட்டிக் கொடுத்தவர் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பாதியை டி என்ற பெயரில் காட்டுவதற்குத் தனியாக ஒரு சிறு நிரலைச் சேர்த்திருந்தார். அது இருந்தால் டி தெரியும். நானோ என் ஃபிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினேன். அதில் அந்த நிரல் இல்லை. கண்ணைக் கட்டி அழைத்து வந்த சாட்சியிடம், என்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தேன்.

இது எனக்கு விளங்கிய வேளையில் செயலாளர் வந்துவிட்டார்.

“என்னம்மா, ஒண்ணுமில்லேங்கிற? சேவ் பண்ணலையா?”

“தினம் பண்ணுனேன் சார்.”

“அப்புறம் எப்படிப் போகும்? தம்பி, எப்படிப் போகும்?”

எல்லாம் தெரிந்துகொண்டு நான் சொன்னது இது: “கம்ப்யூட்டர் தானாக எதையும் அழிப்பதில்லை, சார். மனிதர் அதற்கு எதைக் கொடுத்தாரோ அதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும்.”

அதில் பொய்யான ஒரு சொல் கூட இல்லை. அந்த மனிதர் நான் என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் மேடையில் கைதட்டலுக்காக நிறுத்துகிற இடத்தில் நிறுத்துவது எனக்குப் பழக்கம். அந்த இடைவெளியில் செயலாளரின் தலை அக்காவின் பக்கம் திரும்பியது. அவரோடு வந்த சங்கக் கணக்கரின் தலையும் திரும்பியது. நான் அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

“சீட்டெல்லாம் இருக்குல்ல? மறுபடி அடிச்சிரலாம்,” என்றார் செயலாளர்.

“நீங்கதான சார் பெட்டிக்கு அடியில விரிக்கக் குடுத்தீக,” என்றார் அக்கா. குரலில் சண்டை இல்லை.

அதற்குப் பிறகு சிப்பம் கட்டும் கொட்டகைப் பக்கம் போனபோதெல்லாம் பேச்சு காதில் விழுந்தது. “அந்தப் புள்ள எதையோ அமுக்கி அம்புட்டையும் அழிச்சுப்புடுச்சாம்ல.” “அதுக்குத்தான் சொன்னேன், பொம்பளப்புள்ள கையில இம்புட்டுப் பெரிய மெஷினக் குடுக்காதீகன்னு.” “லாரி வராமப் பழம் வெடிச்சா அந்தாத்தா வந்து பொறுக்குமா?” நான் குனிந்து நடந்தேன். அக்கா காலையில் வருவார், பழைய வரிகள் இருந்த கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னிடம் வழக்கமாகச் சொல்லும் கிண்டல்களை நிறுத்திவிட்டார்.

பொறுக்க முடியாமல் நிர்வாகக் குழு கூடிய அன்று அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் முந்தைய நாள் முழுவதும் அதை ஒரு பேச்சாகக் கட்டியிருந்தேன். எங்கே தொடங்குவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் நானே என்ற வரியை எங்கே வைப்பது என்பதெல்லாம் தீர்மானித்திருந்தேன். பிறர் உழைப்பின் மேல் என் அறியாமை நடந்து போயிற்று என்றேன். அந்தச் சகோதரியின் மௌனத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றேன். டி டிரைவைப் பற்றியும் சொன்னேன். ஆனால் அது உவமைகளுக்கு நடுவில் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

முடித்தபோது கைதட்டினார்கள்.

சங்கத் தலைவர் சுருளிப்பட்டிக்காரர்; அங்கே பெரிய பந்தல் வைத்திருந்தவர். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்ம தம்பிக்கு என்ன மனசு பாருங்கப்பா. அடுத்தவுக பழியத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிறாக. இந்தக் காலத்துல யாரு செய்வா?”

“இல்லை ஐயா, பழி என்னுடையதேதான்…”

“உக்காருங்க தம்பி. எங்களுக்குத் தெரியும்.”

என் மறுப்பு என் பெருந்தன்மைக்கு இன்னொரு சான்றாயிற்று. தம்பியின் முகத்துக்காக அந்தப் பெண்ணை இப்போதைக்கு வேலையில் வைத்துக்கொள்வது, நிரந்தரம் செய்வதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். இதில் நான் எழுதத் தயங்குவது ஒன்று உண்டு. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சில நொடிகள்தான், இருந்தாலும் பிடித்திருந்தது.

அக்கா வெளியே தண்ணீர்ப் பானையருகே நின்றிருந்தார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருந்தது.

“நல்லாப் பேசுனீக,” என்றார்.

“அக்கா, நான் உண்மையைத்தான்…”

“உண்மையத்தான் சொன்னீக. எனக்குத் தெரியுது. அங்கன உக்காந்திருக்கவுகளுக்கு என்ன தெரிஞ்சது? நான் தப்பு செஞ்சவ, நீங்க காப்பாத்துனவுக. நேத்து வரைக்கும் அழிச்சவளோன்னு சந்தேகப்பட்டாக. இன்னைக்கு அழிச்சவதான்னு முடிவு பண்ணி மன்னிச்சும் விட்டாக. நான் எங்கன போயிச் சொல்ல?”

அக்கா பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார்.

“இன்னொண்ணு சொல்லட்டா? டி இல்லேன்னு நீங்க சொன்னதும் நான் நம்பிட்டேன் தம்பி. அது போன பெறகும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். இத்தன மாசமா எதைத் தட்டுனோம், எங்கன போட்டோம்னு பஸ்ஸுல வாரப்பயெல்லாம் வெரல மடக்கி மடக்கிப் பாக்குறேன். அடுப்ப அணைச்சமான்னு பாதி வழியில சந்தேகம் வந்து, பஸ்ஸ விட்டு எறங்கிப் போயிப் பாத்துட்டு வாரேன். என்னிக்கும் இப்படி இருந்ததில்ல.”

வேலை நிரந்தரமாகாமல் போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இது தெரியாது. அவருடைய பல மாத உழைப்பை அழித்ததோடு, அவர் தம் விரல்கள் மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் வாதத்தில் வென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரைக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவர் தம் கடையில் ஒரு பலகையை வெப்பக்கம்பியால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் விவரம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். அழிந்தது வராது என்றார். அந்தச் சிறு நிரல் உள்ள ஃபிளாப்பியின் நகலைத் தந்தார். திரும்பி வந்து, அவர் சொன்னபடி டிஸ்க்கை மீண்டும் இரண்டாகப் பிரித்தேன். பிறகு தலைவரிடம் போய், குழு உறுப்பினர்கள் அக்காவின் மேசைக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

“பேசப் போறீகளா தம்பி?”

“இல்லைங்க. பார்த்தால் போதும்.”

மகாசபைக்கு முன் கடைசியாகக் கூடிய நாளில் வந்தார்கள். அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவர் டி என்று தட்டி, இரண்டு புள்ளி வைத்தார். அங்கே தலைவருடைய தோட்டத்தை மட்டும் அவரிடமே தேதி கேட்டு முன்பே ஏற்றி வைத்திருந்தார். ஊர், பந்தல், கவாத்து வெட்டிய தேதி எல்லாம் திரையில் வந்தன.

“நம்ம தோட்டம்,” என்றார் தலைவர்.

கம்ப்யூட்டரை நிறுத்தினேன். அன்றைக்கு நான் வைத்த என் ஃபிளாப்பியை வைத்து எழுப்பினேன். அக்கா மறுபடி அதையே தட்டினார். அப்படி ஒரு டிரைவ் இல்லை என்று வந்தது.

“எங்கடா என் தோட்டம்?” தலைவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“உள்ளேதான் இருக்கிறது. என் ஃபிளாப்பிக்கு அது தெரியாது. தெரியாததை இல்லை என்று சொல்லி, அக்கா இருக்கிறது என்று சொன்ன பிறகும் துடைத்தேன்.”

மீண்டும் நிறுத்தி, மதுரைக்காரரின் அமைப்போடு எழுப்பினேன். தலைவரின் தோட்டம் திரும்பி வந்தது. யாரும் கைதட்டவில்லை. செயலாளர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் இல்லை. “அப்ப அழிச்சது நீ.”

“நான்தான்.”

“இந்தப் புள்ள சொல்லுச்சு, நீ கேக்கல.”

“கேட்கவில்லை.”

“அன்னைக்கும் இதத்தான சொன்ன? எங்களுக்கு ஏன் வெளங்கல?”

நான் வாய் திறக்குமுன் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அன்னைக்கு நல்லாப் பேசுனாக.”

மகாசபையில் அவருடைய வேலையை நிரந்தரமாக்கினார்கள். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்த் தேதிகளை மறுபடி கேட்டு வர அனுப்பினார்கள். பந்தலுக்கடியில் குனிந்தபடி நின்று கேட்டேன். சிலர் நாளைச் சொன்னார்கள். சிலருக்கு, மகளைப் பெண் பார்க்க வந்தார்களே அதற்கு முந்தின வாரம் என்றுதான் நினைவிருந்தது. “அதான் அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே, அதை என்ன செஞ்சீக?” என்று பலரும் கேட்டார்கள். நான் அழித்துவிட்டேன் என்று ஒவ்வொரு பந்தலிலும் சொன்னேன். சிலருடைய தேதியை மீட்கவே முடியவில்லை. சுருளிப்பட்டியில் ஒருவருக்கு லாரி பிந்திப் போயிற்று. அவருடைய பழம் வெடித்து வண்டு மொய்த்த வரிசைகளினூடே அவர் என்னை அழைத்துப் போனார்.

கொண்டு வந்த சீட்டுகளை அக்கா தட்டி முடித்து, கட்டிக் கட்டித் தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். சாவியைக் கேட்டால் செயலாளருக்குக்கூடத் தருவதில்லை.

நான் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். கிண்டல் திரும்பிவிட்டது. என்னைப் பேச அழைத்து யாராவது வந்தால், “தம்பி மதியத்துக்குள்ள முடிச்சிருவாக, சாப்பாடு மட்டும் சொல்லிருங்க,” என்கிறார். ஆனால் ஒன்று மட்டும் பழையபடி திரும்பவில்லை. காலையில் வந்ததும் டி என்று தட்டி, இரண்டு புள்ளி வைக்கிறார். தோட்டங்கள் திரையில் வந்ததும் நாற்காலியைச் சற்று நகர்த்தி என் பக்கம் திரும்புகிறார்.

“இருக்குல்ல தம்பி?”

அது குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்கிறார். கண்ணெதிரே இருப்பதை, இல்லை என்று தம்மை நம்ப வைத்தவனிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறார். நான் எழுந்து அவர் மேசைக்குப் போய், திரையைப் பார்த்து, இருக்கு அக்கா என்று சொல்லிவிட்டு வருகிறேன். இன்று காலையும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.